கருவறைக்குள் நுழையும் வருணம்

2018 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28 ஆம் நாள், ஆங்காங்கு நகரில், மாந்த மரபணுத் திருத்தம் பற்றிக் கூடிய உலக மாநாட்டில் ஓர் இளம் அறிவியலார் மேடையேறினார். சீன நாட்டுச் சென்சென் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சார்ந்த ஃகே சியான்குயி என்பார் அவர், அமெரிக்காவிற் கற்றவர். தாம் கருநிலையிலேயே மரபணுவைத் திருத்திய இரட்டைப் பெண்மகவுகள் பிறந்துவிட்டன என்று சில நாள் முன்னர்த்தான் அவர் உலகுக்கு அறிவித்திருந்தார். மேடையில் அதன் படங்களையும் கணக்குகளையும் காட்டினார். இன்னொரு தாயும் அத்தகைய கருவைச் சுமந்திருக்கின்றார் என்றார். செய்ததற்குப் பெருமைப்படுகின்றேன் என்றும் கூறினார்.

அவையினர் திகைத்தனர், பலர் அங்கேயே கண்டித்தனர். சீன அரசு அவர் ஆய்வை நிறுத்தியது. பல்கலைக்கழகம் அவரை விலக்கியது. 2019 திசம்பர் 30 இல் சென்சென் வழக்குமன்றம் மூன்றாண்டுச் சிறையும் முப்பது நூறாயிரம் யுவான் தண்டமும் விதித்தது. 2022 ஏப்பிரலில் அவர் வெளிவந்தும் விட்டார். அதோடு செய்தி முடிந்தது என்று உலகம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. ஆனால் அவர் செய்த குற்றம் எது என்பதில் உலகுக்கு இன்னும் தெளிவில்லை. அறக்குழுவின் இசைவைப் போலியாகப் புனைந்தார், குருதியாய்வுக்கு ஆள்மாற்றி விடுத்தார், போதிய ஆய்வின்றி முந்திக்கொண்டார் என்பனவே அவர்மேற் சாட்டப்பெற்றவை. அஃதாவது, இன்னுஞ் சிறிது பொறுத்து, ஏடுகளை ஒழுங்காக வைத்துக்கொண்டு, ஏதங் குறைந்த கருவியால் இதே செயலைச் செய்திருப்பாரானால் குற்றமில்லை என்பது அதன் உட்பொருள். எதிர்க்கத்தக்கது அவ் வுட்பொருளே!

செயல் இன்னதென முதலில் அறிதல் வேண்டும். மாந்தவுடலின் உயிரணுக்களில் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இவ்விரு படிகளாய் மரபணுக்கள் அமைந்துள்ளன. அவற்றை வேண்டிய இடத்தில் நறுக்கி மாற்றுதற்குரிய கருவியாகக் கிரிசுப்பர் என்னும் ஒன்றை 2012 இல் அறிவியலார் வடித்தெடுத்தனர். அதனை வடித்த பெண்மணியர் இருவர்க்கு 2020 இல் வேதியியல் நோபல் பரிசும் வழங்கப்பெற்றது. அக்கருவியை இருவேறு வகையில் ஆளலாம். நோயுற்ற ஒருவரின் எலும்பு மச்சையிலிருந்து உயிரணுக்களை எடுத்துத் திருத்தி மீண்டும் அவருடலிற் செலுத்தினால், அம்மாற்றம் அவரோடு பிறந்து அவரோடு முடியும். அது மருத்துவம். கருவுற்ற முட்டையையே திருத்தினாலோ, அம்மாற்றம் பிறக்கும் பிள்ளையின் உடல் முழுதும் பரவும். அப்பிள்ளைக்குப் பிறக்கும் பிள்ளைக்கும், அதன் வழித்தோன்றல்களுக்கும் இறங்கும். சென்சென் நகரில் நடந்தது இவ் விரண்டாவது.

'நோய்தீர்க்கத்தானே செய்தார்?' என்று அவர்க்காக இரங்குவாரும் உளர். எந்த நோயைத் தீர்த்தார்? அம்மகவுகளின் தந்தைக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது, தாய்க்கு இல்லை. தந்தையின் விந்தைத் தூய்மைசெய்து கருவூட்டினால் பிள்ளைக்குத் தொற்று இறங்காது என்பது மருத்துவ உலகம் முன்பே கண்ட வழி. அவ்வழியை அவரும் கையாண்டிருந்தார். ஆகவே அக்கருக்களில் தீர்ப்பதற்கு நோயெதுவும் இல்லை. பிற்காலத்தில் என்றேனும் அந் நச்சுயிரி தாக்கினால் அதனைத் தடுக்கும் ஓர் ஆற்றலை, இயல்பான உடலுக்கு மேலாக, ஏற்றித்தர முயன்றார் அவர். உலகிலேயே முதன்முதல் கருவில் திருத்தப்பெற்றுப் பிறந்த மாந்தப்பிள்ளைகள், நோய்தீர்க்கப் பெற்றவர் அல்லர்; 'மேம்படுத்த'ப் பெற்றவர். மருத்துவத்தின் போர்வையைப் போர்த்துக்கொண்டுதான் மேம்படுத்தல் முதலடி எடுத்துவைத்தது. பெற்றோரிடம் ஒப்பம் பெற்ற தாளிலோ அதற்கு எயிட்சுத் தடுப்பூசித் திட்டம் என்று பெயர் எழுதியிருந்தது!

செய்த வேலையும் செவ்வையாக இல்லை. சி.சி.ஆர்.5 என்னும் மரபணு, அந் நச்சுயிரி உயிரணுவுக்குள் நுழையும் வாயில்களுள் ஒன்றை ஆக்குவது. வடபால் ஐரோப்பியர் சிலரிடம் அவ்வாயில் இயற்கையாகவே அடைபட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் படியெடுக்க முனைந்தார். ஆனால் ஒரு மகவில் இருபடியும் மாறின; மற்றொன்றில் ஒருபடியே மாறியது. மாறியவையும் இயற்கையிற் காணும் மாற்றமாக இல்லை. இவ்வுலகில் எவரிடத்தும் இருந்தறியாத புது மாற்றங்கள் அவை. என்ன செய்யும் என்று எவர்க்குந் தெரியாது. அம் மரபணு எச்.ஐ.வி.க்கு வாயில் அமைப்பதற்காகவே மாந்தவுடலில் குடியிருப்பதன்று. அது செயற்படாதவரை மேற்கு நைல் காய்ச்சல் தாக்கின் நோய் கடுமையாகின்றது என்பது அறிந்த செய்தி. (அம் மரபணு அற்றவர் வாழ்நாள் குறுகும் என்று 2019 இல் ஓர் ஆய்வு வெளிவந்து, பலரும் அதனை எடுத்தாண்டனர். கணக்கிற் பிழை கண்டு சில திங்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. இன்றும் சிலர் அதனைச் சொல்லித் திரிகின்றனர். அறத்தின் பக்கம் நிற்பவர்க்குப் பொய்யான துணை தேவையில்லை.)

இனி, 'மேம்பாடு' என்னும் அச்சொல்லைச் சற்றுப் பார்ப்போர்க்கு ஒன்று விளங்கும். மேம்படுதல் தன்வினை, மேம்படுத்துதல் பிறவினை. தமிழ் நூல்கள் மேன்மை என்று பேசுமிடமெல்லாம் ஒருவன் தன் ஒழுக்கத்தாலும் உழைப்பாலும் தானே எய்துவதையே பேசுகின்றன. பிறர் ஒருவர் ஒருவனைப் பிறக்குமுன்னரே பிடித்து, 'இவன் மேலோன்' என்று முத்திரை குத்தி அனுப்புவதற்குத் தமிழில் மேம்பாடு என்று பெயரில்லை. அதற்குப் பழம்பெயர் ஒன்றுண்டு, அது வருணம்.

பெயர் பழையது, இதன் மேலைநாட்டுப் பதிப்பு 1883 இல் வந்தது. அவ்வாண்டில்தான், தார்வினின் உறவினரான பிரான்சிசு கால்டன் என்னும் ஆங்கிலேயர், நற்பிறப்பு என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து ஒரு சொல்லை ஆக்கி, 'தக்க' குடியினர் மிகுதியாகப் பெறவும் 'தகாதோர்' குறைவாகப் பெறவும் செய்வதே மாந்த இனத்தை உயர்த்தும் வழி என்று முழங்கினார். அவர் மூடர் அல்லர், பெரும்படிப்பாளி. இக்கொள்கையைப் பரப்பியவரிற் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தார், மருத்துவர், வழக்கறிஞர் என்பதை மறத்தலாகாது. படியாதவன் கொடுமை ஒரு தெருவோடு நிற்கும். படித்தவன் கொடுமை சட்டமாகும்.

அங்ஙனம் சட்டமான கொடுமையை ஒரு பெண்ணின் வாழ்வில் வைத்துப் பார்த்தல் தகும். அமெரிக்க நாட்டு வர்சீனியா மாநிலத்தில் கேரி பக்கு என்னும் ஏழைப்பெண் வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் வேலைசெய்து வளர்ந்தாள். அக் குடும்பத்தின் உறவினன் ஒருவன் அவளைக் கெடுத்தான். கருவுற்ற பெண்ணை அக் குடும்பம், 'அறிவுக்குறையள், ஒழுக்கங்கெட்டவள்' என்று சொல்லிக் காப்பகத்திற் கொண்டுபோய்த் தள்ளியது. அவள் தாய் ஏற்கெனவே அக் காப்பகத்தில் இருந்தாள். பிறந்த மகவுக்கு ஓராண்டுகூட நிரம்பவில்லை. அதனைப் பார்த்த பணியாளர் ஒருவர், இயல்பாகத் தோன்றவில்லை என்று சான்று கூறினார். தாய், மகள், பெயர்த்தி என மூன்று தலைமுறையும் அறிவற்றவை. இவர் இனிப் பெறலாகாது என்று வழக்காடினர். 1927 மே 2 ஆம் நாள் அமெரிக்க உச்ச வழக்குமன்றத்தின் ஒன்பதின்மருள் எண்மர் ஒப்பினர். தீர்ப்பெழுதியவர் ஆலிவர் வெண்டல் ஓம்சு. இன்றும் அந்நாட்டின் பேரறிஞராக மதிக்கப்படுபவர். அவ்வாண்டு அத்தோபரில் கேரியின் கருப்பை வழியை அறுத்து அடைத்தனர்.

அறிவற்றது என்று சான்று கூறப்பட்ட அந்த மகவு என்னாயிற்று? பள்ளிக்குச் சென்றது. நன்றாகப் படித்தது. சிறந்த மாணவர் பட்டியலிற் பெயரும் பெற்றது. எட்டு அகவையில் நோயுற்று இறந்தது. கைக்குழந்தையின் முகத்தைப் பார்த்து அறிவை அளந்த அந்தப் பணியாளரும், அதை ஏற்ற எட்டு நடுவர்களும், அச் சிறுமியின் மதிப்பெண் ஏட்டைப் பார்த்தாரில்லை. கேரி 1983 வரை வாழ்ந்தார். அவரைக் கண்டு பேசியவர் எவரும் அவரிடம் அறிவுக்குறை கண்டாரில்லை. அமெரிக்காவில் இச்சட்டங்களால் அவ்வாறு மலடாக்கப்பட்டோர் தொகை 60,000 க்கு மேல். ஒவ்வொரு பெயரின் பின்னும் படித்தவர் ஒருவர் இட்ட ஒப்பம் உண்டு.

செருமனியின் கதை யாவரும் அறிந்தது, விரிப்பிற் பெருகும். 1933 சூலையில் இட்லர் ஆட்சி கொண்டுவந்த மலடாக்கச் சட்டத்துக்கு அமெரிக்கச் சட்டங்களே முன்மாதிரி. அவற்றுக்கு வரைவெழுதித் தந்த ஆரி இலாஃப்லின் என்பாருக்கு 1936 இல் ஐடல்பர்க்குப் பல்கலைக்கழகம் பட்டமும் அளித்துச் சிறப்பித்தது. ஏறத்தாழ 4,00,000 பேர் மலடாக்கப்பட்டனர். அடுத்த படியாக, 1939 முதல் 1941 வரை, ஊனமுற்றோரும் மனநோயாளருமாக 70,000 பேர் நச்சுவளி அறைகளிற் கொல்லப்பட்டனர். அதன்பின் நடந்த பேரழிவுக்கு ஒத்திகை அதுவே.

'அவை பழங்கதை, வெள்ளையர் கதை' என்று தள்ளுவார்க்கு, தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிருக்கும் சிங்கப்பூரைக் காட்டலாம். 1983 ஆகத்தில் அந்நாட்டுத் தலைமையமைச்சர் இலீ குவான் யூ, பட்டம் பெற்ற பெண்டிர் குறைவாகவும் படிப்புக் குறைந்த பெண்டிர் மிகுதியாகவும் பெறுவதால் நாட்டின் அறிவுவளம் தேயும் என்று கூட்டத்திற் பேசினார். அறிவின் பெரும்பங்கு பிறப்பில் வருவது என்பது அவர் துணிபு. 1984 இல், மூன்று பிள்ளைபெற்ற பட்டதாரித் தாயரின் மக்களுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முதலிடம் என்று அரசு அறிவித்தது. அவ்வாண்டிலேயே, வருமானமும் படிப்பும் குறைந்த இளந்தாயர் ஒன்றோ இரண்டோ பெற்றபின் கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்றும் அறிவித்தது. மேலே இருப்பவளுக்குப் பெற்றால் பரிசு. கீழே இருப்பவளுக்குப் பெறாதிருந்தால் பரிசு! பட்டதாரித் தாயரே இதனைத் தமக்கு இழிவென்று கண்டித்ததுதான் வியப்பு. ஆண்டிறுதித் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு பன்னிரண்டு விழுக்காட்டுக்கு மேற் சரிந்தது. 1985 இல் பள்ளி முன்னுரிமையை அரசு திரும்பப் பெற்றது. மக்கள் எதிர்த்தால் பின்வாங்கும் என்பதற்கும் இது சான்று.

இவ்விடத்தில் மறுப்பார் ஒரு வலுவான ஏரணத்தை எடுத்துவைப்பர். 'அவையெல்லாம் அரசின் கட்டாயம். இன்று எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. தம் பிள்ளைக்கு நல்லது எது என்று பெற்றோர் தாமே தேர்கின்றனர். இதில் எவர்க்கென்ன?' என்பது அவ்வேரணம். பெற்றோர் கையிற் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை இந்நாடு பார்த்துவிட்டது. கருவிலிருக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்று காட்டும் கருவி வந்தது. அதற்குமுன் உசிலம்பட்டியிலும் சேலத்திலும் பிறந்தபின் கொன்றனர். கருவி வந்தபின் பிறக்குமுன்னரே கொன்றனர். எந்த அரசும் ஆணையிடவில்லை. எல்லாம் பெற்றோரின் 'உரிமைத் தேர்வே'. 1994 இல் தடைச்சட்டம் வந்தது. ஆயினும், ஆறு அகவைக்குட்பட்ட ஆண்மக்கள் 1,000 பேர்க்கு இந்திய அளவில் 1991 இல் 945 ஆக இருந்த பெண்மக்கள் தொகை 2001 இல் 927 ஆகவும், 2011 இல் 920 க்குங் கீழாகவும் இறங்கிற்று. பல்லாயிரங் குடும்பங்கள் தனித்தனியே எடுத்த முடிவு, கூட்டிப் பார்க்கையில் ஓரினத்தின் தீர்ப்பாகி நிற்கின்றது.

உரிமைத் தேர்வு எவ்வாறு கட்டாயமாகும் என்பதற்குத் தமிழர் அயலில் தேடவேண்டா. தத்தம் தெருவைப் பார்த்தாற் போதும். ஆங்கிலவழிப் பள்ளியிற் பிள்ளையைச் சேர்க்க எந்தச் சட்டமும் எவரையும் தள்ளவில்லை. அடுத்த வீட்டான் சேர்த்தான். அதனால் இவ்வீட்டானும் சேர்த்தான். கடன்பட்டுச் சேர்த்தான், காதணி விற்றுச் சேர்த்தான். தாய்மொழியில் நாலு வரி பிழையின்றி எழுதத்தெரியாத பிள்ளையைக் காட்டி, மேம்பட்டுவிட்டது என்று மகிழ்ந்தான். இன்று 'தமிழ்வழியிற் சேர்க்கின்றேன்' என்பவனை, பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுப்பவன் என்று உறவினரே இழித்துரைக்கின்றனர். நாளை, 'கருவை ஆய்ந்து தேராமல் பெற்றுவிட்டான்' என்று ஒருவனை அவ்வாறே இழித்துரைப்பர்.

நாளை என்ன, இன்றே! அமெரிக்காவில், செயற்கை முறையிற் கருவாக்கிய முட்டைகளை வரிசையில் வைத்து, இது உயரம் மிகும், இதற்கு அறிவு மிகும் என்று மதிப்பெண் இட்டு விற்கும் நிறுவனங்கள் தோன்றிவிட்டன. அதன் அறிவியல் எத்துணைத் திண்மையுடையது? 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது: பல கருக்களுள் மதிப்பெண் மிக்கதைத் தேர்ந்தெடுத்தாலும், கிட்டும் மிகை உயரத்தில் ஏறத்தாழ இரண்டரைச் செண்டிமீட்டர், அறிவளவுத் தேர்வில் ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி. அதுவும் உறுதியில்லை, ஒரே குடும்பத்தில் மதிப்பெண் குறைந்தது உயர்ந்து வளர்வதும் உண்டு. காலையில் உணவின்றி வரும் பிள்ளைக்கு ஒருவேளைச் சோறிட்டால் வரும் தெளிவை இவர்கள் பல்லாயிரம் டாலருக்கு விற்க முடியாது. ஆனால் வணிகத்துக்குச் சரக்கின் திண்மை தேவையில்லை. வாங்குவோனின் அச்சமே போதும்.

சரக்கு என்றேனும் திண்மையாகிவிட்டால்தான் பெருங்கேடு. பழைய வருணம் ஒரு பொய்யின்மேல் நின்றது. பிறப்பால் ஒருவன் அறிவன், ஒருவன் அடிமை என்று அது சொன்னது; எழுதி வைத்தது; ஈராயிரம் ஆண்டு நம்பவைத்தது. ஆனால் உடலைத் திறந்து பார்த்தால் ஒரே குருதி. அந்த உண்மையைக் கைப்பிடியாகக் கொண்டுதான் வள்ளுவர் முதல் பெரியார் வரை எல்லாரும் அப் பொய்யை உடைத்தனர். நாளை செல்வர் தம் வழித்தோன்றலைப் பணங்கொடுத்து மாற்றி, அம்மாற்றம் அவர் மக்களுக்கும் மக்களின் மக்களுக்கும் இறங்குமானால், பொய்யாயிருந்த உயர்பிறப்பு மெய்யாக்கப்படும். எதை வைத்து உடைப்பது? கோயிற் கருவறைக்குள் நுழையப் பிறப்புத் தகுதி கேட்டது பழைய வருணம். தாயின் கருவறைக்குள்ளேயே நுழைந்து, வேண்டிய பிறப்பைச் செய்துதருகின்றேன், விலை இவ்வளவு என்கின்றது புதிய வருணம்.

இதற்கும் அறநூல் எழுதுவார் இல்லாமலில்லை. சூலியன் சவுலெசுக்கு என்னும் ஆத்திரேலிய மெய்யியலார் 2001 இல், தேரத்தக்க கருக்களுள் மிகச்சிறந்த வாழ்வு வாய்க்கத்தக்கதைத் தேர்வது பெற்றோரின் அறக்கடமை என்றே வாதித்தார். உரிமைகூட அன்று, கடமை! பிள்ளைக்குக் கல்வி தருவது கடமையென்றால், அறிவுமிக்க மரபணுத் தருவதும் அதுபோன்றதே என்பது இவ்வழியினர் அனைவரும் பாடும் பல்லவி. கல்விக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியில் ஒரு நாள் நின்று பார்த்தவன் அறிவான். ஆசிரியன் கற்பிப்பான், மாணவன் கேட்பான், கேளாதும் இருப்பான். எதிர்த்துக் கேட்பான், பிழையென்று காட்டுவான், கற்றதை வளர்ந்தபின் உதறியும் எறிவான். அவ்வாறு உதறியவருள் ஆசிரியனை விஞ்சியோர் பலர். கல்வியில் இருவர் உளர். கருவைத் திருத்துவதில் ஒருவரே உளர். மற்றவர் இன்னும் பிறக்கவில்லை. அவர் எதிர்க்க முடியாது, உதற முடியாது, தம் பிள்ளைக்குக் கொடாதிருக்கவும் முடியாது. சென்சென் நகரத்து அறிவியலார் அம் மகவுகளைப் பதினெட்டு அகவை வரை தொடர்ந்து ஆய்வதாகத் திட்டமிட்டிருந்தார். பிறக்குமுன் பொருளாகவும் பிறந்தபின் ஆய்வுப்பொருளாகவும் இருக்கும் வாழ்வை எவர் எவர்க்குத் தரலாம்?

கடைசியாக, தமிழின உணர்வாளருக்குள்ளேயே இவ் விசை புகுந்துவிடாமற் காத்தல் வேண்டும். 'இக்கருவி தமிழன் கைக்கு வந்தால், தமிழினத்தையே ஆற்றல்மிக்க இனமாக்கிவிடலாமே' என்று கண்கள் மின்னப் பேசும் இளைஞர் உளர். இட்லரின் இளைஞரும் இதே மின்னலோடுதான் பேசினர். 'மொழியில் தூய்மை கேட்பவர் இனத்தில் ஏன் தூய்மை கேட்கலாகாது?' என்று பகைவரும் நையாண்டி செய்வர். இரண்டிற்கும் ஒரே விடை. மொழி பிறப்பில் வருவதன்று, கற்பதால் வருவது. இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர் தமிழ் கற்றார். அகராதியும் இலக்கணமும் பெருங்காவியமும் யாத்தார். கடல்கடந்து வந்த போப்பு, குறளை ஆங்கிலமாக்கி 1886 இல் வெளியிட்டார். அவர்தம் குருதியை எவரும் ஆய்ந்து பார்க்கவில்லை. தமிழ்க்குடியிற் பிறந்தும் தமிழைப் பழிப்பவனை அவன் குருதி காப்பாற்றவும் இல்லை. 1916 இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கம், கலந்த சொல்லைக் களைந்தது. கலந்த மாந்தனைக் களையச் சொல்லவில்லை. மொழித்தூய்மை எவரும் வந்து நுழையத் திறந்த வாயில். குருதித்தூய்மை எவரும் நுழையாதபடி அடைத்த கதவு. இரண்டையும் ஒன்றெனக் குழப்புபவன் தமிழுக்கும் பகைவன்; தமிழர்க்கும் பகைவன்.

மருந்தை வெறுக்கச் சொல்வதாக இதனை எவரும் திரிக்கவேண்டா. அரிவாளணுக் குருதிநோய்க்கு, நோயாளியின் மச்சை உயிரணுக்களை மட்டும் இக்கருவியால் திருத்தும் மருத்துவம், 2023 நவம்பரில் பிரித்தானியாவிலும் திசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. வாழ்நாளெல்லாம் நோவில் துடித்தவர் நோவின்றி வாழ்கின்றனர். அதன்முன் தலைவணங்குதல் தகும். அந்நோய் தரும் மரபணுவும் ஒருபடி மட்டும் இருந்தால் மலேரியாவைத் தடுக்கின்றது. அதனாலேயே மலேரியா நிலங்களில் அது நிலைத்தது. ஒரு நிலத்தில் காவலாய் இருப்பது இருபடியாகையில் நோயாகின்றது. இதிற் 'குறை' எது, 'நிறை' எது என்று வகுக்கத் துணிபவர்க்கு இது ஒன்றே பாடம். ஆயினும் நோவு நோவே. தீர்க்கத்தான் வேண்டும்.

இந்தியாவில் இந்நோய்க்குரிய உயிரணு முதன்முதல் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டு நீலமலையில், 1952 இல், அம் மலைவாழ் பழங்குடி மக்களிடத்தில்தான். எழுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மேற்சொன்ன மருத்துவத்துக்கு அமெரிக்காவில் வைத்த விலையோ ஒருவர்க்கு 22 நூறாயிரம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழப் பதினெட்டுக் கோடி உருவா. தீர்க்கும் வழி தெரிந்தும் துடிக்கின்ற பிள்ளையை விட்டுவிட்டு, நோயில்லாத கருவுக்கு இரண்டரைப் புள்ளி ஏற்றப் பணங் கொட்டும் உலகில், 'மாந்த இன மேம்பாடு' என்ற சொல் எவ்வாறு நாவில் எழுகின்றது?

வழித்தோன்றலுக்கு இறங்கும் மரபணுத் திருத்தத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2019 இல் வெளியிட்ட நெறிமுறையில் விலக்கியுள்ளது. நெறிமுறை சட்டமன்று. 2021 ஆம் ஆண்டின் கருத்தரிப்புத் துணைநுட்பச் சட்டம் கருவாய்வை அறிந்த மரபுநோய்களுக்கென மட்டுமே இசைகின்றது. அறிவுக்கும் உயரத்துக்கும் மதிப்பெண் இடும் வணிகத்தை அதன்படி நாட்டுக்குள் நுழையவொட்டாமல் தடுக்கலாம். பெண்கருக் கொலைத் தடைச்சட்டம் ஏட்டிலிருக்க, பின்கட்டு அறைகளில் கருவி ஓடிக்கொண்டிருந்ததைப் போல இதுவும் ஆகிவிடலாகாது. ஆகவே, நெறிமுறையாக உள்ள விலக்கைத் தண்டத்தோடு கூடிய சட்டமாக்கத் தமிழ்நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர் குரலெழுப்புதல் வேண்டும். தமிழ்நாட்டு அரசு, நீலமலைப் பழங்குடி மக்களுள் இருளர், பணியர், குறும்பர் குடியிருப்புகள் ஒவ்வொன்றிலும் அரிவாளணு ஆய்வை முழுமையாக நடத்தி, அம் மருத்துவத்தைத் தன் மருத்துவமனைகளிலேயே உருவாக்கி விலையின்றி வழங்கும் திட்டத்துக்குப் பொருள் ஒதுக்குதல் வேண்டும். கூடலூரிலோ பந்தலூரிலோ இவ்விரவும் நோவில் விழித்திருக்கும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லவேண்டிய கடன் அவ் வரசுக்கு இருக்கின்றது.